மடிப்புக் கலையாத சேலை

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் நின்றுகொண்டு அழகமுத்து டெக்ஸ் எங்கே என்று கேட்டால் ஆள் கொஞ்சம் யோசிப்பார். அந்தத் தெருவில் சேலைக்கடைக்கா குறைச்சல். படம் சொல்கிற அக்கா நிற்கும் கடை எது என்று கேட்டுப் பாருங்கள். கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். இது முதலாளி அழகமுத்துவுக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொள்ள முடியாதவன் கல்லாவில் உட்காரக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

அந்த அக்கா இராஜேஸ்வரி. வயது நாற்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. விடாமல் கேட்டால் அதிலும் பேரம் பேசுவாள். கலஹாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து பதினாறு வருசமாக அந்தக் கடையின் முன்கவுன்டரில் நிற்கிறாள். சேலையின் ஓரத்தைத் தொடுகிறவள் வாங்க வந்தவளா, மழை விடுகிற வரைக்கும் ஒதுங்க வந்தவளா என்று விரலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "சரி, இன்னொரு கடை பாத்துட்டு வாறோம்" என்று கடைப்படி இறங்குகிறவளை எப்போது திருப்பிக் கூப்பிடுவது என்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முதல் படியில் கூப்பிட்டால் நமக்கு நட்டம். மூன்றாம் படி தாண்டிவிட்டால் ஆள் பக்கத்துக் கடைக்குச் சொந்தம். இரண்டாம் படியில் ஒரு கால் ஊன்றி, மற்றக் கால் காற்றில் இருக்கும்போது கூப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. அன்றைக்கும் பஸ் ஏறி டவுனுக்கு வந்து காலைக் காட்சி பார்ப்பாள். தனியாகத்தான். கூட ஒருத்தி வந்தால் படத்தைவிட அவள் வீட்டுக் கதை நீளமாக ஓடும் என்பாள். திங்கட்கிழமை காலை, சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள், கடைப் போனை எடுத்து வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றி இரண்டு நிமிசம் பேசி அனுப்புவாள். குழுவில் அறுநூறு பெண்களுக்கு மேல். புசல்லாவை டீச்சர், ஆஸ்பத்திரி நர்ஸ், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள், பிலிமத்தலாவைப் பித்தளைக்கடை வீட்டம்மா, எல்லாரும் உண்டு. குழு தொடங்கியது புதுச் சேலைகளின் படம் அனுப்பத்தான். அதை யார் திறந்து பார்த்தார்களோ, கடவுளுக்கு வெளிச்சம். திங்கட்கிழமைக் குரலை மட்டும் ஒருத்தி விடாமல் கேட்டார்கள்.

சினிமாவைப் பற்றிப் பேசும் பாஷை அவளுக்குத் தெரியாது. தெரிந்தது சேலைப் பாஷை. "கல்யாணத்துக்குக் கட்டலாம்" என்றால் குடும்பத்தோடு கிளம்பலாம். "வீட்டுக்குக் கட்டலாம்" என்றால் டிவியில் வரட்டும். முன்னோட்டத்தில் மட்டும் மினுக்கிய படம் என்றால் "ஜரிகை முந்தானையில மட்டுந்தான்". இடைவேளைக்குப் பிறகு சரிகிற படம் "ஒரு தண்ணிக்குச் சாயம் போயிரும்". எதற்கும் உதவாதது "தலகாணி உறைக்கு ஆகும்". ஒருமுறை பெரிய நடிகர் ஒருவருடைய படத்தைத் தலகாணி உறையில் சேர்த்துவிட்டாள் என்று ரசிகர்கள் இரண்டு பேர் கடையேறிச் சண்டைக்கு வந்தார்கள். திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு கைலிச் சாரம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஏன் இத்தனை கறார் என்று புசல்லாவை ஜெயராணி டீச்சர் ஒருநாள் கேட்டாள். "ஆறு நாள் கொழுந்தெடுக்க மலைக்குப் போறவளுக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கெழமதான் டீச்சர் இருக்கு. அத நான் சொல்லி வீணாக்கிட்டா, பெறகு நான் எத நல்லாருக்குன்னு சொன்னாலும் அவ எதுக்கு நம்பணும்?" என்றாள் இராஜேஸ்வரி.

இந்த நம்பிக்கைக்குத்தான் வந்தது சோதனை.

போன வருசம் கடலுக்கு அக்கரையில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் வந்து புசல்லாவைப் பக்கம் முகாம் போட்டது. தேயிலைத் தோட்டத்துக் கதை என்றார்கள். உடுப்புப் பொறுப்பில் இருந்த தொப்பிக்காரர் ஒருவர் அழகமுத்து டெக்ஸுக்கு வந்து, கொழுந்து எடுக்கிற பெண்கள் கட்டுவதற்கு நாற்பது சேலை கேட்டார். பூப்போட்ட நைலெக்ஸ் நாற்பது எடுத்துக் கொடுத்தவள் இராஜேஸ்வரி. கொடுக்கும்போதே சொன்னாள், உப்புத் தண்ணியில் இரண்டு மூன்று தரம் அலசி, கல்லில் காயப்போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு ஆறு மாசத்துக்குப் போகாது என்று. இடுப்பில் சேலைக்கு மேல் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்குக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேட்டாள். அது எதற்கு என்று கேட்டார் தொப்பிக்காரர். செடி குத்திச் சேலை கிழியாமல் இருக்க என்றாள். "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்மா" என்று சிரித்துவிட்டு, மூட்டையைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

படம் வந்தது. பெயர் 'கொழுந்துக் கண்ணீர்'. தொடக்கத்தில், நன்றி என்று போட்டு அழகமுத்து டெக்ஸ், கண்டி என்று எழுத்து வருகிறதாம். அந்த எழுத்தை மட்டும் போனில் படமாக எடுத்து முதலாளிக்கு அனுப்பியிருந்தான் கிருஷாந்தன். இவன் பிலிமத்தலாவைக்காரன், கண்டிப் பக்கம் படத்துக்கு விளம்பரம் பார்க்கிறவன். முதலாளி படத்தைப் பார்க்கவில்லை. அந்த எழுத்தைப் பார்த்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். வியாபாரிகள் சங்கத்தில் பேசி, அடுத்த ஞாயிறு காலைக் காட்சியை முழுசாக எடுத்து, கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடும் செய்துவிட்டார். நம்முடைய ஆட்களின் கதை திரையில் வருகிறது, அதில் நம்முடைய கடையின் பெயரும் வருகிறது. அவர் நெஞ்சு பெருத்துச் சட்டைப் பொத்தான் தெறிக்காததுதான் மிச்சம்.

இராஜேஸ்வரி அதற்கு முந்திய ஞாயிறே போய்ப் பார்த்துவிட்டாள்.

நல்ல ஆசையோடுதான் போனாள். வழக்கத்துக்கு மாறாக ஒரு மிட்டாய்ப் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டாள். திரையில் பச்சை மலை விரிந்தது. மலையில் வரிசையாகப் பெண்கள். இரண்டு வருசமாகச் சம்பளம் ஒழுங்காக இல்லை, மாற்றுச் சேலைக்கு வழியில்லை என்று கதை சொன்னது ஒரு குரல். இராஜேஸ்வரியின் வாயிலிருந்த மிட்டாய் அப்படியே நின்றது. வரிசையில் நின்ற நாற்பது சேலையிலும் மடிப்புக் கோடு. நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று, நெடுக்கு வாக்கில் இரண்டு. பெட்டியிலிருந்து பிரித்த சூட்டோடு கட்டிய கோடு. வேறு யாருடைய மடிப்பும் அல்ல. கடைசி மடிப்பை உள்பக்கமாகச் செருகுவது அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

அப்பா செத்து நாயகி விழுந்து புரண்டு அழுகிற இடத்தில், பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "கலர் நல்லாருக்கு, எங்க எடுத்திருப்பாங்க?" என்று கேட்டது இராஜேஸ்வரிக்குக் காதில் விழுந்தது. அவளைக் குறை சொல்வதற்கில்லை. திரையில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. நகரத்திலிருந்து வந்த நாயகனின் காலடியில் உட்கார்ந்து, "எங்களுக்கு அழத்தான் சாமி தெரியும், வேற என்ன தெரியும்?" என்றாள் நாயகி. இராஜேஸ்வரி திரும்பி ஒருமுறை கொட்டகையைப் பார்த்தாள். பாங்கில் வேலை பார்க்கிற தோட்டத்துப் பிள்ளை இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் இருந்தாள். போன மாதம் தோட்டத்துத் தொரையிடம் கொழுந்து நிறுவையில் குறைக்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டுத் தராசைச் சரிபார்க்க வைத்த காளியம்மாவின் மகள் இருந்தாள். ஒருத்தி கண்ணிலும் தண்ணீர் இல்லை.

திங்கட்கிழமை கடைக்கு வந்தபோது போன் வழக்கமான இடத்தில் இல்லை. முதலாளியின் கையில் இருந்தது. பக்கத்தில் கிருஷாந்தன், வீடியோ எடுக்கிற வட்ட விளக்கு ஒன்றை மூன்று கால் தாங்கியில் நிறுத்திக்கொண்டிருந்தான். இந்த வாரம் குரல் மட்டும் போதாது, அக்காவை வீடியோவாகவே எடுத்துக் குழுவிலும் முகநூலிலும் போடப் போகிறோம் என்றான். ஒரு தாளையும் நீட்டினான். எங்கள் மக்களின் கண்ணீர்க் காவியம், குடும்பத்தோடு பாருங்கள் என்று எழுதியிருந்தது.

இராஜேஸ்வரி தாளைப் படித்தாள். அதை நாலாக மடித்துக் கவுன்டரில் வைத்தாள். "படம் தலகாணி உறை முதலாளி" என்றாள்.

பிறகு நடந்தது ஒரு பேரம். அந்தக் கடையில் அதுவரை சேலைக்கு நடந்த பேரம் அத்தனையும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. முதலாளி 'கல்யாணத்துக்குக் கட்டலாம்' என்பதில் ஆரம்பித்தார். அவள் தலையாட்டினாள். சரி, கோயிலுக்குக் கட்டலாம் என்று சொல்லேன் என்று இறங்கினார். இல்லை. வீட்டுக்கு? இல்லை. பாட்டு நன்றாக இருக்கிறதாமே, பாட்டை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடேன். இல்லை. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்தக் கிழமை தொண்டை கட்டிவிட்டது என்று இருந்துகொள். திங்கட்கிழமை திங்கட்கிழமைதான் என்றாள். அவர் படிப்படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். அவள் சொன்ன இடத்திலேயே நின்றாள். எதிராளி ஒரு சல்லி அசையாமல் நின்றால் பேரம் பேசுகிறவனுக்கு வேர்க்கும். முதலாளிக்கு வேர்த்தது.

"நம்ம ஆளுங்க படம் ராஜேஸ்வரி. நாமளே கீழ தள்ளுனா எப்படி?"

"நம்ம படம்னா இன்னும் கறாராத்தான் பாக்கணும் முதலாளி. அடுத்த கடைச் சேலை சாயம் போனா சிரிச்சிட்டுப் போயிரலாம். நம்ம கடைச் சேலை போனா சிரிப்பீங்களா?"

அதற்குள் கடையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஜெயராணி டீச்சர் வந்து நின்றாள். ஒசரி என்கிற கண்டிச் சேலைக்குத் துணி எடுக்க வந்த சிங்களப் பெண்கள் இரண்டு பேர், இன்னும் நாலைந்து பேர். கிருஷாந்தனுக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் உற்சாகம். கூட்டம் தெரிகிற மாதிரி எடுத்தால் நன்றாக இருக்கும், அக்கா விளக்குக்கு முன்னால் வந்ததும் தானாகச் சொல்லிவிடுவா என்று முதலாளியின் காதில் ஓதினான். வியாபாரம் தெரியாத ஆள்.

இராஜேஸ்வரி விளக்குக்கு முன்னால் வந்தாள். வரும்போது கீழ்த்தட்டிலிருந்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டாள். அந்த நாற்பதோடு வந்த சரக்கில் மிஞ்சியது. கவுன்டரில் விரித்து, ஒரு கையால் நீவினாள்.

"இதுதான் அந்தப் படத்துல வர்ற சேலை. நான்தான் வித்தேன். இந்த மடிப்பு நான் மடிச்சது. ரெண்டு வருசமா இந்தச் சேலையக் கட்டி மலைக்குப் போறாங்கன்னு படத்துல சொல்றாங்க. மடிப்புக் கலையல. கறை இல்ல, கிழிசல் இல்ல. நாப்பது சேல நிக்கிது, உள்ள ஒரு ஆளு இல்ல. எங்களப் பாத்து அழ வந்தவங்களுக்கு, எங்க சேலைய ஒருக்கா அலசிப் போட நேரமில்ல. எங்களுக்கு அழ மட்டுந்தான் தெரியும்னு வேற சொல்லி வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழம வீட்டுல படுத்து நல்லாத் தூங்குங்க. அதுக்கு இது ஆகும், தலகாணி உறைக்கு."

யாரும் கை தட்டவில்லை. ஜெயராணி டீச்சர் குனிந்து மடிப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். கிருஷாந்தன் விளக்கை அணைத்தான். "இத அழிச்சிர்றேன் அங்கிள்" என்றான். முதலாளி, இனி உனக்கு மேல்மாடிதான் என்று மாடிப்படியைக் காட்டினார். இராஜேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு, சேலையை மறுபடி மடித்து, கடைசி மடிப்பை உள்பக்கம் செருகி வைத்துவிட்டு மேலே போனாள்.

மேல்மாடி என்பது பள்ளிக்கூடச் சீருடைத் துணி. வருசத்தில் ஒரு மாதம் கூட்டம் அள்ளும். மற்றப் பதினொரு மாதமும் பல்லிகூட அங்கே சோம்பலாகத்தான் ஊரும். அந்தப் பல்லிகளுக்குத் துணையாக அஸ்ஃபர் என்று ஒருவர் வெள்ளைத் துணிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். மீட்டர் கோலைத் தட்டித் தாளம் போடுகிறவர். இராஜேஸ்வரி ஏறி வந்ததைப் பார்த்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாய வெச்சிட்டுச் சும்மா ஈக்க ஏலாதா அக்கா உங்களுக்கு?"

"சும்மா இருக்கத்தான் அனுப்பியிருக்காங்க" என்றாள்.

கீழே அன்றைக்கே முதலாளி தன் மருமகள் நிரஞ்சனியைப் பேச வைத்து, காவியம் என்று குழுவில் அனுப்பினார். நிரஞ்சனி நல்ல பிள்ளை, தாளில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பத்து நிமிசத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. படத்தைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. இராஜேஸ்வரி அக்காவுக்குச் சுகமில்லையா என்று நூற்றுப் பதினான்கு பேர் கேட்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து ஆட்களே வந்தார்கள். கடைக்குள் நுழைகிறவள் முன்கவுன்டரைப் பார்ப்பாள், அங்கே வேறு முகம், பிறகு கல்லாவைப் பார்ப்பாள். முதலாளி பேப்பரைப் பார்ப்பார். மாடிப்படி மரத்தால் ஆனது. ஏறுகிற ஒவ்வொரு காலும் கல்லாவில் கேட்கும். புதன்கிழமை ஏழெட்டுக் கால்கள் ஏறின. வெள்ளிக்கிழமை அந்தப் படிகளுக்கு ஓய்வே இல்லை. மேலே போனவர்களுக்கு இராஜேஸ்வரி அதே பேச்சைச் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டவர்கள் வெறுங்கையோடு இறங்கக் கூச்சப்பட்டுப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி வாங்கினார்கள். பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பிள்ளை இல்லாதவள் ஒருத்தி அக்காள் மகனுக்கு என்று வெள்ளைத் துணி வெட்டச் சொன்னபோது, அஸ்ஃபர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஞாயிறு வந்தது. சங்கத்துக் காட்சி நடந்தது. இராஜேஸ்வரி போகவில்லை. அவள் பக்கத்துக் கொட்டகையில் வேறொரு படம் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை மாடிப்படியில் கேட்டது பெண்களின் கால் அல்ல. ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு, கைப்பிடியில் ஒரு முனகல். முழங்கால் வலி என்று நாலு வருசமாக மேலே வராத முதலாளி ஏறி வந்துகொண்டிருந்தார். அஸ்ஃபர் மரியாதையாக எழுந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார்.

முதலாளி துணிச் சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்தார். படம் பார்த்தேன் என்றார். இராஜேஸ்வரி வெள்ளைத் துணி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"அலசச் சொல்லிக் குடுத்தியா அந்தத் தொப்பிக்காரன்கிட்ட?"

"ரெண்டு மூணு தரம் அலசச் சொன்னேன்."

அவர் முழங்காலை நீவிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். சங்கத்து ஆட்கள் பூராப் பேரும் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்களாம். எல்லாரும் துணிக்காரர்கள். அழகமுத்து டெக்ஸ் என்று பெயர் வந்தபோது கை தட்டினார்களாம். அடுத்த நிமிசம் மலையில் நாற்பது மடிப்பு. பக்கத்துக் கடை இளங்கோ குனிந்து, "என்னண்ணே, ஸ்டாக் க்ளியரன்ஸா?" என்று காதுக்குள் கேட்டானாம். அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. இருட்டில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். நாயகி செத்த இடத்திலும் கேட்டதாம்.

இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. துணியின் ஓரத்தைப் பல்லால் கடிப்பதுபோல் குனிந்து மறைத்துக்கொண்டாள்.

"கீழ வா" என்றார் முதலாளி. சட்டைப் பையிலிருந்து கடைப் போனை எடுத்து நீட்டினார். "இந்தா. நீயே பேசு. ஒண்ணு மட்டும். அனுப்ப முந்தி நான் ஒருக்கா கேட்டுக்கிறேன்."

"ஏலாது முதலாளி."

முழுசாகக் கேட்க வேண்டியதில்லை, தொடக்கத்தை மட்டும் கேட்கிறேன் என்று இறங்கினார். ஏலாது. என்ன படம் என்பதையாவது முந்தியே சொல்லி வை. அதுவும் ஏலாது. கேட்டுவிட்டு அனுப்பினால் அது உங்கள் குரல், போன கிழமை அந்தக் குரலைக் கேட்டுத்தான் நூற்றுப் பதினான்கு பேர் எனக்குச் சுகமில்லையா என்று விசாரித்தார்கள் என்றாள்.

முதலாளி போனைப் பையில் போட்டார். எழுந்தார். "சரி. அப்ப நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போனார்.

இந்த வசனத்தை இராஜேஸ்வரி பதினாறு வருசமாக வாசலில் கேட்டிருக்கிறாள். முதல் படி கிறீச்சென்றது. அவள் துணியின் ஓரங்களைச் சேர்த்தாள். இரண்டாம் படி கிறீச்சென்றது. மூன்றாம் படியின் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். முதலாளி கைப்பிடியைப் பிடித்தபடி, இரண்டாம் படியில் ஒரு கால் ஊன்றி, வலிக்கிற முழங்காலைக் காற்றில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவாள் என்று நின்றுகொண்டிருந்தார். வழுக்கை மட்டும் தெரிந்தது.

அவள் கூப்பிடவில்லை. நெடுக்கு வாக்கில் ஒரு மடிப்பு மடித்தாள். குறுக்கே ஒன்று மடித்தாள். வீதியில் பேராதனை பஸ்காரன் ஆட்களைக் கூவி ஏற்றுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"சரி. கேக்கல" என்றது படியிலிருந்து குரல். "உன் இஷ்டத்துக்கு அனுப்பித் தொல."

"போன கெழமை அனுப்ப விடாத 'கொழுந்துக் கண்ணீரும்' பாக்கி இருக்கு முதலாளி. மொத அதத்தான் அனுப்புவேன்."

கைப்பிடி மெல்ல முனகியது. "அதையும் அனுப்பு."

"இந்தத் துண்ட மடிச்சிட்டு வாறேன்" என்றாள் இராஜேஸ்வரி. அவசரப்படாமல் கடைசி மடிப்பை உள்பக்கமாகச் செருகினாள். பிறகு, சரியாக இல்லை என்று, அதைப் பிரித்து முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.